ஒரு நூல் கோணல்

பாக்கு நீரிணையின் நீலப்பரப்பிலே, யாழ்ப்பாணத்துத் தீவுகள் எல்லாவற்றிற்கும் கடைசியாய், பாலமொன்றாலும் கட்டுண்ணாமல், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக்கு நெஞ்சு கொடுத்துக் கிடப்பது நெடுந்தீவு. ஆடித் திங்களின் அந்திப் பொழுதில் அதன் தென்புறத்து வெளியில் நின்று பார்ப்பவர்க்கு, பகலெல்லாம் வெயிலைக் குடித்த, பவளப்பாறையாலான முருகைக்கல் வேலிகள் மங்கிய பொன்னிறம் கொண்டு வளைந்து வளைந்து ஓடுவதும், குளங்கள் வற்றி அடிச்சேறு ஓடுகளாய் வெடித்திருப்பதும், ஓயாத காற்றிலே பனையோலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதும், அவற்றின் நடுவே ஒல்லாந்தர் காலத்தில் விடுபட்டுப்போன குதிரைகளின் வழிவந்த கூட்டமொன்று தலை தாழ்த்தி நீர் தேடி நடப்பதும் ஒருசேரத் தோன்றும். கற்றறிந்த வாசகரே, இத்தீவின் பழம்பெருமை பேச நான் வரவில்லை. அதைப் பேசுவதற்கு ஆட்கள் தாராளமாய் இருக்கிறார்கள். ஒரு குதிரைக்குட்டியின் வலது முன்னங்காலைப் பற்றிச் சொல்லவே வந்தேன்.

அவ்வெளியின் ஓரத்திலே, நாலு பரப்புத் தோட்டமும் பத்துப் பன்னிரண்டு மாடுகளும் உடையவராய், எஞ்சிய நேரத்தில் ஊராரின் கண்ணாடியிழை வள்ளங்களுக்கு ஓட்டை அடைத்துக் கொடுப்பவராய் வாழ்ந்தவர் ஐயாத்துரையார். ஐம்பத்தெட்டு அகவை, பிசின் பட்டுப் பட்டுத் தடித்துப்போன விரல்கள், எதையும் கண்ணால் அளந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். கோடை முற்றும்போது வேலிக்கு வெளியே உள்ள கல்தொட்டியை நாள்தோறும் தம் கிணற்று நீரால் நிரப்பிவைப்பது அவர் வழக்கம். குதிரைகள் வந்து குடித்துவிட்டு நன்றி சொல்லாமல் போகும். அவரும் நன்றியை எதிர்பார்த்ததில்லை.

அவருக்கும் அவர் மனைவி மனோகரிக்கும் ஒரே மகள். வினோஜா என்பது பெயர். அவள் பிறந்தபோது இரு பாதங்களும் உள்நோக்கித் திரும்பி, உள்ளங்கால் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. நடக்க மாட்டாள் என்று அயலார் முகத்துக்கு நேரே சொல்லாமல் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். வியாழக்கிழமைதோறும் அக்குழந்தையைத் தோளில் ஏந்தி, வள்ளமேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணத்து மருத்துவமனைக்குப் போய், பாதத்தைச் சிறிது சிறிதாய்த் திருப்பி மாவுக்கட்டுப் போடுவித்துக்கொண்டு வந்தார் ஐயாத்துரையார். எட்டு வியாழன், எட்டுக் கட்டு. அதன்பின் அவள் நடந்தாள், ஓடினாள், பள்ளிக்கூடத்துப் போட்டியில் முதலாவதாய் வந்தாள். நான்கு ஆண்டுகளுக்குமுன் மணமாகி நோர்வே நாட்டுக்குப் போய்விட்டாள். அங்கே அவளது இருப்புரிமைத் தாள்கள் இன்னும் முடிந்தபாடில்லை. ஆகவே வரவும் இயலவில்லை. ஞாயிறுதோறும் கைப்பேசியில் அவள் முகம் தெரியும்போது, இவர் மற்ற எதையும் கேட்பதற்குமுன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"கால் நோகுதோ மகள்?"

"இல்லையப்பா. இருபத்துநாலு வரியமா இதைத்தானே கேக்கிறியள்" என்று அவள் சிரிப்பாள்.

எப்போது வருவாய் என்று கேட்க அவருக்கு வாய் வருவதில்லை. அதற்குப் பதிலாகத்தான் காலைக் கேட்டார். மனோகரிக்கு இது தெரியும். மகளுக்கும் தெரிந்திருக்கும்.

இப்படியிருக்க, நெற்றியில் வெள்ளைக் கீற்றுடைய செந்நிறக் குதிரையொன்று ஒருநாள் தொட்டிக்கு நீர் குடிக்க வந்தபோது, அதன் பின்னால், பிறந்து இரண்டு கிழமை மதிக்கத்தக்க ஒரு பெண்குட்டி தத்தித் தத்தி வந்தது. மூன்று கால்கள் செம்மையாய் ஊன்ற, வலது முன்னங்கால் மட்டும் கணுமூட்டிலே மடங்கி, குளம்பின் முனை உட்புறமாய்த் திரும்பி, அடுத்த காலைத் தட்டித் தட்டி விழுத்தியது. கூட்டம் நீர் குடித்துவிட்டு நகர்ந்தது. குட்டி நாலடி வைத்து விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. தாய் கூட்டத்தையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்துக் கனைத்தது. நீர் வற்றும் காலத்தில் கூட்டத்தோடு நடக்கமாட்டாத குட்டி வெளியிலே கிடந்து சாகும் என்பதை அத்தீவில் சிறுபிள்ளையும் அறியும். ஐயாத்துரையார் அந்தக் குளம்பைப் பார்த்தார். அடுத்த நொடியே வேலியைத் தாண்டிப் போய், குட்டியை இரு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

காலை ஒருமுறையும் மாலை ஒருமுறையும் படலையைத் திறந்துவிட்டால் தாய் உள்ளே வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும் என்பதை மூன்றாம் நாளே கண்டுகொண்டார்கள். மற்ற நேரமெல்லாம் குட்டி வேலிக்குள்ளே ஓலை நிழலில் நின்றது. அதற்குப் பெயரிடவில்லை, 'பிள்ளை' என்றார் அவர். மனோகரி அதைக் கேட்டும் கேளாதவள்போல் இருந்தாள்.

இனி அவர் செய்த பிழையைச் சொல்லவேண்டும். கடலோரத்தில் கைத்தொழில் பழகியவர் ஒருவர் தவிர வேறெவரும் அதைச் செய்யமாட்டார். கரையேற்றிய வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தால், சாயும் பக்கத்துக்கு முட்டுக் கொடுப்பது அவர்களின் முதற்பாடம். கால் உள்நோக்கிச் சாய்கிறதா, உட்புறத்துக்கு முட்டுக் கொடு. கணக்கு முடிந்தது! வெளிப்புறக் குளம்பை அரத்தால் சீவி, உட்புறத்தில் வள்ளத்துப் பிசினையும் கண்ணாடியிழையையும் சேர்த்துக் குழைத்து ஒரு விரற்கடை அகலத்துக்கு இதழ் ஒட்டி, தம் வேலையைத் தாமே தலையைச் சாய்த்துப் பார்த்து மகிழ்ந்தார். சீவிய துகள்களை மனோகரி கூட்டி அள்ளிக் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தாள். கொம்பும் குளம்பும் அம்மரத்துக்கு நல்ல எரு. இருபது நாள் கழிந்தது. கால் முன்னையிலும் மோசமாய் வளைந்திருந்தது.

கால்நடை மருத்துவர் கோசலா ஊர்காவற்றுறையிலிருந்து மாடுகளுக்குத் தடுப்பூசி போடவந்த இடத்தில் இதைக் கண்டாள். முப்பது அகவை தாண்டாத பெண்; சேறென்றும் சாணமென்றும் பாராமல் முழந்தாளிட்டு அமர்ந்து, குட்டியின் காலை மடியில் வைத்து மூட்டைத் தடவிப் பார்த்தாள்.

"இதை ஆர் ஒட்டினது?"

"நான்தான் டொக்ரர்" என்றார் ஐயாத்துரையார், பெருமையை மறைக்காமல்.

"வேலை நல்ல வேலை ஐயா. ஆனா பக்கம் பிழை. சாயிற பக்கத்துக்கு முட்டுக் குடுத்திருக்கிறியள். வள்ளத்துக்கு அது சரி, அது வளராது. இது வளருற எலும்பு. சாயிற பக்கம் முட்டுக் குடுத்தா, அது சாய்ஞ்சபடியே வளர்ந்துபோகும்."

அவர் முகம் கறுத்தது. இருபது நாள் அந்தச் சிறுகாலைத் தாமே கெடுத்திருக்கிறோம் என்ற எண்ணம் அவரைத் தலைநிமிர விடவில்லை.

கோசலா கடிந்துகொள்ளவில்லை. காட்டுயிர் காக்கும் துறையாரோடு பேசி இசைவு பெற்றுக்கொண்டு, மறுநாளே வந்து, பழைய இதழை அகற்றி, இம்முறை உட்புறக் குளம்பைச் சீவி, வெளிப்புறத்தில் சிறகுபோல் இதழ் வைப்பித்தாள். பிசின் இறுகும்போது சுடும். பெருங்குதிரைக்குத் தெரியாத சூடு குட்டியின் மெல்லிய குளம்பை வேகவைத்துவிடும். ஆகவே மெல்லிய பூச்சாய்ப் பூசி, ஈரத்துணியால் ஒற்றி, அது ஆறியபின் அடுத்த பூச்சுப் பூசவேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். பிசினை அறிந்த கை ஒரே தடவையில் அதைப் பழகிக்கொண்டது.

"பத்து நாளுக்கு ஒருக்கா, நாலு முறை" என்றாள் கோசலா. "இண்டைக்கு முதலாவது. பிறந்து மூண்டு மாதத்தோட அந்த மூட்டில எலும்பு வளராம மூடிவிடும். பிறகு நீங்களும் நானும் தலைகீழா நிண்டாலும் ஏலாது. ஓடித் திரியவும் விடக்கூடாது."

"சரிவந்தால்?"

"சரிவந்தால் கூட்டத்தோட விடவேணும். சுகமான குதிரையை அடைச்சு வைக்கச் சட்டம் இல்லை ஐயா. சரிவராட்டி, நொண்டியா வெளியில விட ஏலாது, சாகும். அப்ப நீங்களே வைச்சிருக்க நான் எழுதித் தரலாம்."

அவள் சாதாரணமாய்ச் சொல்லிவிட்டு மாடுகளைப் பார்க்கப் போனாள். அந்தச் சொல் ஐயாத்துரையாரின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாம் சீவலை அவரே செய்தார், மூன்றாவதையும் செய்தார். குளம்பு முனை நாளுக்கு நாள் வெளிவந்து, தன் பங்கு நிலத்தைத் தேடிப் பிடித்தது. குட்டி விழுவதை மறந்தது. அவர் சாக்கை விரித்து அமர்ந்ததும் தானே வந்து நின்று, வலது காலைத் தானே தூக்கி அவர் தொடையில் வைத்து, அவரது அக்குளுக்குள் மூக்கை நுழைத்து மூச்சுவிடும் அளவுக்கு அவரைப் பழகிவிட்டது. மாலையில் வள்ளத்தடியிலிருந்து அவர் வருகிற காலடி கேட்டாலே காதை நிமிர்த்தும். வீட்டில் தம் வருகைக்குக் காது நிமிர்த்த ஓர் உயிர் இருந்து நான்கு ஆண்டாயிற்று என்பதை அவர் அப்போதுதான் உணர்ந்தார். உணர்ந்தபின் அவருக்கு உறக்கம் குறைந்தது. வாசகரே, ஒளிப்பானேன், அவருக்கு அந்தக் குட்டி வேண்டும். தம் வேலிக்குள், தம் தொட்டியில் நீர் குடித்துக்கொண்டு, தாம் சாகும்வரை அது நிற்கவேண்டும்.

நான்காம் சீவலுக்குரிய கிழமையில் கச்சான் காற்றுக் கடுமையாய் எழுந்து, குறிகட்டுவான் வள்ளங்கள் நின்றுவிட்டன. கோசலா கைப்பேசியில் அழைத்தாள்.

"கடல் சரியில்லை ஐயா, நான் வர ஏலாது. செவ்வாய்க்கிழமை நீங்களே செய்துவிடுங்கோ. இதுதான் கடைசி. பிந்தக்கூடாது, நாள் முடியுது."

"ஓம் டொக்ரர்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அரத்தையும் வளைகத்தியையும் எடுத்துக்கொண்டு ஓலை நிழலுக்குப் போனார், சாக்கை விரித்தார். குட்டி வந்து காலைத் தூக்கி வைத்தது. அவர் அக்காலைக் கையில் ஏந்தியபடி நெடுநேரம் இருந்தார். இன்னும் கொஞ்சம் உட்சாய்வு இருந்தது. விட்டால் அது அப்படியே நின்று, பின் நாளாக நாளாக அதிகமாகும். பழுது செய்யவேண்டியதில்லை, ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும். அரம் படாத கையோடு எழுந்து வந்தார்.

"முடிஞ்சுதோ?" என்று குசினி அடுப்படியிலிருந்து மனோகரி கேட்டாள்.

"ஓம்" என்றார்.

புதன் போயிற்று, வியாழன், வெள்ளி, சனி போயின. ஞாயிறு காலை மனோகரி முற்றம் கூட்டினாள். கூட்டி முடித்தவள் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, வள்ளத்துக்குப் பிசின் குழைத்துக்கொண்டிருந்த கணவரிடம் வந்து நின்றாள்.

"கறிவேப்பிலைக்குப் போட நகச் சீவல் ஒண்டும் இந்தமுறை கிடைக்கேல்லை."

அவர் நிமிரவில்லை. "காத்து அள்ளிக்கொண்டு போயிருக்கும்."

"காத்து முந்தியும்தான் அடிச்சது" என்றாள் மனோகரி. பிறகு, குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "பிள்ளைக்கு எட்டாவது கட்டுப் போடப் போன வியாழன் நினைவிருக்கோ? இப்பிடித்தான் கச்சான். ஒரு வள்ளமும் ஓடேல்லை. அடுத்த கிழமை போவம் எண்டு நான் காலில விழாத குறையாச் சொன்னனான். கட்டுப் பிந்தினா பாதம் திரும்பிவிடும் எண்டு சொல்லி, கடற்படைக்காரனிட்டக் கெஞ்சி, மீன்பிடி வள்ளத்தில ஏறினனீங்கள். இடுப்பளவு தண்ணி. கட்டு நனைஞ்சிடும் எண்டு பிள்ளையைத் தலைக்கு மேல தூக்கிக்கொண்டு போனனீங்கள். அந்தக் கால் ஒரு நாள் எங்களை விட்டுட்டுப் போகும் எண்டு தெரிஞ்சிருந்தா, அண்டைக்கு ஏறாம நிண்டிருப்பியளோ?"

ஐயாத்துரையாரின் கையிலிருந்த பிசின் இறுகிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"தெரியேல்லை மனோகரி" என்றார். "இப்ப கேட்டால், தெரியேல்லை. எனக்கு அவளைப் பாக்கவேணும்போல கிடக்கு."

"எனக்கும்தான்" என்றாள் அவள். "நான் என்ன கல்லே?"

நான்கு ஆண்டாக அவ்வீட்டில் எவரும் சொல்லாத சொல் அது. பிறகு அவர் இறுகிப்போன பிசினைக் கொட்டிவிட்டு, கையைக் கழுவி, அரத்தையும் கத்தியையும் எடுத்தார். மனோகரி சாக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். உட்புறக் குளம்பிலே அரம் பட்டு வெண்துகள் உதிர உதிர, அவர் கண்ணிலிருந்து நீரும் உதிர்ந்தது. துடைக்க இரு கையும் ஒழியவில்லை. குட்டி வழக்கம்போல அக்குளில் மூக்கை வைத்து மூச்சுவிட்டுக்கொண்டு நின்றது. மெல்லிய பூச்சாய்ப் பூசி, ஈரத்துணியால் ஒற்றி, ஆறவிட்டு, மறுபடி பூசி, வேலையை ஒழுங்காய் முடித்தார்.

கடல் அடங்கிப் பத்து நாளில் கோசலா வந்தாள். ஒட்டிய இதழை எடுத்துவிட்டு, குட்டியை மட்டமான கல்தரையில் நிறுத்தி, ஐயாத்துரையாரின் தூக்குநூலை வாங்கி, முழங்காலின் நடுவிலிருந்து தொங்கவிட்டாள். ஈயக்குண்டு ஆடி ஆடி நின்றது. குளம்பின் நடுவுக்கு வரவேண்டிய நூல், நடுவை விட்டுச் சற்று வெளியே தள்ளி நின்றது.

"ஒரு நூல் அளவு உள்ளுக்கு நிக்குது" என்றாள் கோசலா. பிறகு அவரைப் பார்த்தாள். "கடைசிமுறை பிந்தினதோ?"

பொய் சொல்ல வழியிருந்தது; கடலையும் காற்றையும் சொல்லலாம். மனோகரி கதவடியில் நின்றாள்.

"ஓம் டொக்ரர், ஐஞ்சு நாள் பிந்தினனான். ஏலாமல் இல்லை. விட மனம் வரேல்லை."

கோசலா நூலைச் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். "ஓடும் ஐயா" என்றாள் பின்பு. "இந்த ஒரு நூல் அதை விழுத்தாது. ஆனா இனி மாறவும் மாறாது. எலும்பு மூடிட்டுது. இண்டைக்கே விடுவம், நீங்களே படலையைத் திறவுங்கோ."

மாலைப் பாலுக்கு வந்த தாய் படலைக்கு வெளியே நின்றது. தொலைவில், வெயில் சாய்ந்த வெளியில், கூட்டம் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஐயாத்துரையார் படலையைத் திறந்து, கதவைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றார். வழக்கமாய் உள்ளே வரும் தாய் அன்று வரவில்லை, கனைத்தது. குட்டி அவரைக் கடந்து போகும்போது ஒருமுறை அவர் கையை முகர்ந்தது. பிறகு வெளியே அடிவைத்தது, நடந்தது, நடை ஓட்டமாயிற்று. முருகைக்கல் தரையிலே நான்கு குளம்பும் ஒரே சீராய் ஒலித்து ஒலித்துத் தேய்ந்தன. திரும்பிப் பார்க்கும் என்று அவர் எண்ணியிருந்தார். அது திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு கைப்பேசியில் மகளின் முகம் தெரிந்தபோது, அவர் காலைப் பற்றிக் கேட்கவில்லை. மகளுக்கு அது வியப்பாயிருந்தது.

"என்னப்பா, இண்டைக்குக் கால் கேக்கேல்லையோ?"

"நீ எப்ப மகள் வருவாய்?" என்றார் ஐயாத்துரையார். "அப்பாவுக்கு உன்னைப் பாக்கவேணும்போல கிடக்கு."

அங்கே அவள் அழுதாள். தாள்கள் கிடைத்த அன்றே வருவேன் என்றாள். எப்போது கிடைக்கும் என்று தனக்கே தெரியாது என்றும் சொன்னாள். இரண்டும் உண்மை என்று அவருக்குத் தெரிந்தது. முன்னைப்போல் அவர் அவசரமாய்க் கைப்பேசியை மனோகரியிடம் கொடுத்துவிடவில்லை. மகள் அழுது முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஐப்பசியில் மழை பெய்தது. வெடித்த குளங்கள் நிறைந்தன. கல்தொட்டிக்கு வேலை இல்லாமற்போயிற்று. மாடு தேடித் தென்வெளிக்குப் போன ஐயாத்துரையார், குளக்கரையின் ஈரமண்ணில் குதிரைக் கூட்டத்தின் சுவடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பதிந்து கிடப்பதைக் கண்டார். கூட்டம் அங்கே இல்லை. நாற்பது குதிரைகளின் அடிகள். எது எதனுடையது என்று எவராலும் பிரித்தறிய இயலாது. ஆயினும் அவர் குனிந்து குனிந்து தேடி, ஓரிடத்தில் நின்றார். சிறிய குளம்பு, நல்ல ஆழமான, உறுதியான ஊன்றல், நீண்ட அடியெடுப்பு, வலது முன்னங்காலின் முனை மட்டும் ஒரு நூல் உள்ளே. செம்மையாய்ச் செய்திருந்தால் அவருக்கு அது அகப்பட்டிராது. தாம் செய்த பிழையாலே தம் பிள்ளையை அடையாளம் கண்டோமே என்று வெட்கமும், கண்டோமே என்ற மகிழ்ச்சியும் ஒன்றாய் வர, அச்சுவட்டின் அருகே ஈரத்தில் அமர்ந்தார். பெருவிரலால் அந்தச் சுவட்டின் விளிம்பை மெல்லத் தடவினார். மாடுகள் தாமாகவே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

அன்பு வைத்தவரை அருகே இருத்திக்கொள்ள விரும்பாத நெஞ்சு உலகத்தில் இல்லை. அவ்விருப்பத்தை ஐந்து நாளோடு நிறுத்திக்கொண்ட நெஞ்சுகள் சில உண்டு. வாசகரே, மழை ஓய்ந்ததொரு காலையில் நெடுந்தீவின் தென்வெளிக்குப் போக வாய்த்தால், குளக்கரையில் குனிந்து பாருங்கள். போகும் திசை நோக்கி நேரே செல்லும் சுவடுகளின் நடுவே, வீட்டின் பக்கமாய் ஒரு நூல் திரும்பிய காலடி ஒன்று இருக்கும்.